ஓப்பல் அம்மையார் இழுத்துப் போட்ட நாற்காலி

மேடையில் வீற்றிருக்கும் பள்ளி வாரியத் தலைவர் அவர்களே, கண்காணிப்பாளர் டெல்பர்ட் அவர்களே, கீழே இரும்பு நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, சிறப்புக் கல்வி ஆசிரியர்களே, பள்ளிப் பேருந்து ஓட்டும் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஓப்பல் அம்மையாரின் இந்த நினைவுக் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள் தாளைப் பார்த்துப் பேசினார்கள். என் கையில் தாள் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் நாற்பது வருஷம் கிடந்த இந்த ஹோபர்ட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் பெயரை மட்டும் வரைவேன். இதை நாலு பேர் முன்னால் சொல்வது இன்றைக்குத்தான். இருபத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதை என் மகள் ஜூனி இன்னும் அனுபவிக்கிறாள்.

தனிக் கவனிப்பு வேண்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் நம் பள்ளி மாவட்டத்தில் வருஷத்துக்கு ஒரு கூட்டம் உண்டல்லவா? நீள மேசை. அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் பெற்றவர் ஒருவர். வரும் வருஷம் பிள்ளைக்கு என்னென்ன பயிற்சி என்று எழுதிய தாள்கள். கடைசியில் ஒரு பேனா.

ஜூனிக்கு அப்போது ஏழு வயது. பேச்சுப் பயிற்சியில் பதினோரு சொல் பிடித்திருந்தாள். அதில் ஒன்று 'அப்பா'. கரி அப்பிய முகத்தோடு கூட்டத்துக்குப் போனேன்.

"எல்லாம் போன வருஷம் மாதிரிதாம்பா ஹோபர்ட். படிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போடு" என்றார் அப்போதிருந்த ஒருங்கிணைப்பாளர்.

"கண்ணாடிய வண்டியில விட்டுட்டேன்" என்றேன். ஆயுளில் நான் கண்ணாடி வாங்கியதே இல்லை!

"போய் எடுத்துட்டு வாயேன்."

"எதுக்குங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போட்டேன். நாலாம் பக்கத்தில் பேச்சுப் பயிற்சியை நிறுத்தியிருந்தார்கள். அதற்குச் சம்மதம் என்று என் கையெழுத்து! பனி உருகிப் பள்ளிப் புல்வெளி பச்சையாவதற்குள் ஜூனியின் பதினோரு சொல் இரண்டாகிவிட்டது.

அப்போது வந்தார் ஓப்பல் ஸ்டிதம் அம்மையார். குடும்ப ஆதரவுப் பணியாளராகப் புதிதாகச் சேர்ந்தவர். என் வீட்டு அடுக்களை மேசையில் அந்தத் தாள்களைப் புரட்டினார். நாலாம் பக்கத்தில் கை நின்றது.

"இத நீங்க படிச்சீங்களா, ஹோபர்ட்?"

"கண்ணாடி வண்டியில..."

வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். "சரி, அது அங்கயே இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். சாகும்வரை யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அடுத்த கூட்டம். மாவட்டத்தின் ஊழியர் அவர். அவருடைய இடம் அந்தப் பக்கம். எழுந்தார். தன் நாற்காலியைத் தரையில் கிரீச்சென்று இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன ஓப்பல், கட்சி மாறிட்டீங்களா?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"இங்கதான் காத்து வருது. முதல் பக்கத்துலேருந்து சத்தமா வாசிங்க. என் கண்ணாடி வண்டியில இருக்கு."

கண்ணாடி அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது! ஆறு பேரும் அதைப் பார்த்தார்கள். வாசித்தார்கள். நாலாம் பக்கம் வந்ததும் அவர்களுக்கே குரல் இறங்கிப்போனது. பேச்சுப் பயிற்சி திரும்பி வந்தது. போன சொற்களும் வந்தன, புதிதாகவும் வந்தன. 'அப்பா' மட்டும் வரவில்லை. ஜூனிக்கு இப்போது முப்பத்தொன்று.

அதன்பிறகு எத்தனை மேசைகள்! எத்தனை குடும்பங்கள்! எல்லாக் கூட்டத்திலும் அந்த அம்மையாரின் கண்ணாடி வண்டியில்தான் இருந்தது. அது யாருக்கு உறுத்தியது? கூட்டங்கள் நீள்கின்றன என்றீர்கள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவர் பணியிடத்தையே எடுத்துவிட்டீர்கள். இன்றைக்கு இதே மேடையில், அவர் மாவட்டத்தின் இதயமாம்! இதயத்துக்கா பணிநீக்கக் கடிதம் கொடுத்தீர்கள்? அதற்குப் பிறகும் தாய்மார்கள் கூப்பிட்ட கூட்டத்துக்கெல்லாம் மூச்சு வாங்க வந்தாரே, வாசலில் அவரைக் காக்க வைத்தது யார்?

இதோ, அந்த நாற்காலி. பித்தளைத் தகடு அடித்திருக்கிறீர்கள். சுற்றிலும் பட்டுக் கயிறு. முகப்புக் கூடத்தில் வைப்பீர்களாம், யாரும் அதில் உட்காரக் கூடாதாம்! இப்படி ஒரு மரியாதையா! அவரை வெளியே அனுப்பினீர்கள், இப்போது நாற்காலியையும் அந்தக் கூட்ட அறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டீர்கள்.

மூன்றாம் வரிசையில் இருக்கிறாள் மார்லின். வரும் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் மகளுக்குக் கூட்டம். உள்ளே வரும்போது என் சட்டையைப் பிடித்துக் கேட்டாள்: "நம்ம பக்கம் இனிமே யாரு இருக்கா, பெரியவரே?"

ஓப்பல் அம்மையாரே, நான் இருக்கிறேன். உங்கள் நாற்காலியை இப்போதே என் வண்டியில் ஏற்றுகிறேன். செவ்வாய்க்கிழமை மார்லின் பக்கத்தில் போட்டு உட்காருவேன். கண்ணாடிக் கதை சொல்ல மாட்டேன். "எனக்குப் படிக்கத் தெரியாது. முதல் பக்கத்துலேருந்து சத்தமா வாசிங்க" என்பேன். அடுத்த பிள்ளைக்கும் அதையே சொல்வேன், உயிர் உள்ளவரை சொல்வேன்.

டெல்பர்ட் அவர்களே, எழுந்து அந்தக் கயிற்றைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுங்கள்.