செருப்பு எண்ணியவர்

திருமயத்திலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"மகளைக் கபடில சேக்குறதுக்கு நான் கோப்பைய எண்ணலக்கா, செருப்பத்தான் எண்ணுனேன்" என்றார் இளையவர்.

"செருப்பையா?"

"புள்ளைக வெறுங்காலோடதான ஆடுதுக. நம்மூர்ல ரெண்டு கோச்சுல்ல, போன வாரம் மேட்ச்ல ரெண்டு பேரு டீமும் தோத்துருச்சு. மறுநா காலைல ரெண்டு கிரவுண்டுக்கும் போய்ப் பாத்தேன். பெரிய கோச்சு கிரவுண்டு ஓரத்துல எப்பவும் இருபது சோடி கெடக்கும், அன்னைக்கு ஆறுதான். சின்னவரு கிரவுண்டுல எப்பவும் போல பதினாலும் கெடந்துச்சு. அவருகிட்டயே சேத்துட்டேன்."

மூத்தவர் இளையவர் பக்கம் திரும்பினார்.

"எம்மக பெரிய கோச்சுகிட்டதான் போறா. தெனமும் அஞ்சரைக்கே கெளம்பிருவா. அந்த ஆறுல நீலச் செருப்பு ஒண்ணு கெடந்துச்சா?"