பீங்கான் சாடியின் அடியில்

சர்பத்தில் தேசிக்காய் பிழிகிறார்கள் என்றுதான் சனங்கள் நம்புகிறார்கள், ஐயா. எங்கள் சோடாக் கம்பனிக்குள் ஒரு தேசிக்காயும் வந்ததில்லை. வருவது சித்திரிக்கமிலம், சிட்ரிக் அசிட். சாக்கில் வரும். பார்த்தால் சீனி மாதிரி இருக்கும், நாக்கில் வைத்தால் பல் கூசும். சர்பத்துக்குப் புளிப்பைக் கொடுக்கும், பழுதாகாமல் வைத்திருக்கும். போத்தல் கழுவும் இரும்புத் தொட்டியின் துருவையும் தின்றுவிடும்.

நான் உயர்தர வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே இராச் சிப்டில் சேர்ந்தேன். தங்கை ஸுலைஹாவுக்கு வீடு கட்ட வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குத்தான் வருவார். வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. ஒன்பது வருடம் கட்டினேன். கலியாணத்துக்கு அவள் பேரில் எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்கு மனக்குறை இல்லை.

வேலைக்குப் போன முதல் நாளே கலவைப் பகுதிக் கனகரெத்தினம் அண்ணன் சொன்னார்: "தம்பி, இதப் பீங்கான்லதான் கரைக்கணும். உலோகம் பட்டா அதையும் கரைச்சு உள்ள எடுத்திரும். ஈயமெண்டா ஆளையே முடிச்சிரும்." எதையும் எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

எண்பத்திரண்டில், நோன்புக்கு ஒரு கிழமை இருக்க, ஸுலைஹாவின் கணவர் நூஹு என்னை உட்கார வைத்து மரியாதையாகத்தான் கதைத்தார். "மச்சான், புள்ள பொறக்கப் போகுது. உங்கட அறை தேவைப்படும். பெருநாளைக்குள்ள வேற எடம் ஒண்டு பாருங்களன்."

ஓம் என்றேன்.

நோன்பு திறக்கும் சர்பத்தை எங்கள் வீட்டில் நான்தான் கரைப்பேன். காலையில் வேலையால் வந்து சாடியை நிரப்பிவிட்டுப் படுப்பேன். அந்த வருடம் சாடியின் அடியில் நூஹுவின் மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகளையும் போட்டேன். கச்சான் காற்று வீசும் காலம். தாகத்தில் அவர் மூன்று கிளாஸ் குடிப்பார். நான் வெறும் தண்ணீரில் திறப்பேன். இரவெல்லாம் சர்பத்தைப் பார்ப்பவனுக்கு அது இறங்காது.

"மச்சான்ட கையில என்னமோ இருக்கு. நல்லா இனிக்குது," என்பார். ஈயம் இனிக்கும்.

"ஸுலைஹா, வலையில ஈயம் குறையுது. மீன் திண்டுட்டுப் போகுது போல," என்றும் ஒருநாள் சிரித்தார்.

பாதி நோன்புக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வெறும் வயிற்றுக் கோளாறு என்றார்கள். பெருநாள் முடிந்து ஆறாம் நாள் மௌத்தானார். அன்றைக்கே அடக்கினோம்.

ஸுலைஹாவுக்குச் சர்பத் பிடிக்காது என்று இந்த வாக்குமூலத்தில் முதலில் எழுதச் சொன்னேன். அதை வெட்டிவிடுங்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குப் புளிப்பில் ஆசை வரும் என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் நோன்பன்றே கிளாஸை நீட்டினாள். "காக்கா, எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க."

ஊற்றினேன். மற்ற நாட்களிலும் ஊற்றினேன். பிள்ளை தங்கவில்லை. அவளுடைய வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. இப்போது யாருடனும் கதைப்பதில்லை.

என் அறை அப்படியே இருக்கிறது. வீடும் அவள் பேரில்தான் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து அவள் கேட்ட எதற்கும் நான் இல்லை என்று சொன்னதில்லை, ஐயா.