குன்வோர் பெயருக்கே வரும் பதிவுகள்

தலைமை வகிக்கும் பாதிரியார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குன்வோரின் கணவர் ஹல்வார் அவர்களே, நம் அதிர்வுப் பதிவு நிலையத்துத் தோழர்களே! மறைந்த டாக்டர் குன்வோர் ட்வைத்தனைப் புகழ என்னை அழைத்திருக்கிறீர்கள். புகழ்கிறேன், வயிற்றெரிச்சலோடு! பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காலமெல்லாம் பொறாமைப்பட்டவன் நான். இன்றைக்கு மட்டும் அது போய்விடுமா? சிரிக்காதீர்கள் ஹல்வார், உங்களுக்கே தெரியும்.

நம் வேலை என்ன? மண்ணுக்கடியில் யாராவது அணுகுண்டு வெடித்தார்களா என்று பூமியின் அதிர்வைக் கேட்பது. கேட்டதை மற்றவர்கள் பூட்டி வைப்பார்கள். குன்வோரோ அந்த நொடியே எல்லா நாட்டுக்கும் அனுப்புவார், சந்தேகத்துக்குரிய நாட்டுக்கும் சேர்த்து! ஒருமுறை நம் ஊர்க் கல்குவாரி வெடியையே அணுகுண்டு என்று நினைத்து அனுப்பிவிட்டார். ஊரே சிரித்தது. மறுநாள் "தவறு என்னுடையது" என்று தன் பெயர் போட்டு, அதையும் எல்லோருக்கும் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமைதோறும் நிலையத்தில் எல்லோரும் கூடி வாஃபிள் பலகாரம் தின்போமே, அந்த மேசையில் கேட்டேன்: "மானம் போகுதே, குன்வோர்! இதைப் போயா உலகத்துக்கே சொல்லுவாங்க?"

"சொல்லாட்டி நாளைக்கு நம்மள எவன் நம்புவான்? புலம்பாம ஜாமை இப்படித் தள்ளு, அஸ்லாக்."

பிறகு வந்தது அந்த ஜனவரி. எல்லைக்கு அப்பால் பெரிய அதிர்வு. குண்டுதான் என்றார்கள் அமைச்சர்கள். படைவீரர்களின் விடுப்பு ரத்தானது. அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் நம்மைப் போலவே அதிர்வு பதியும் வெனியமின் தொலைபேசியில் அழைத்தார். எடுத்தது யார்? நான்! அவர்களோடு பேசுவதற்காகவே வருடக்கணக்கில் ரஷ்ய மொழி படித்தவன்! குன்வோருக்கு அதில் வணக்கம்கூட ஒழுங்காக வராது. வெனியமின் என்ன கேட்டார் தெரியுமா?

"அந்த அம்மா இருக்காங்களா?"

"நான் இருக்கேனே, என்கிட்ட சொல்லுங்க!"

"கோவிச்சுக்காதீங்க. தன் தப்பைத் தானே ஊரறியச் சொன்னவங்க அவங்க. அவங்ககிட்டதான் எங்க தப்பைச் சொல்ல முடியும்."

குண்டே இல்லை, இடிந்தது அவர்கள் சுரங்கம்! மேலிடத்தைக் கேட்காமலே தன் பதிவுகளைக் குன்வோருக்கு அனுப்பிவைத்தார் அந்த மனிதர். நம் பதிவுகளோடு அவை அப்படியே பொருந்தின. படைவீரர்கள் வீடு திரும்பினார்கள். குன்வோர் போரைத் தடுத்தார். நான் என்ன செய்தேன்? பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன்! எரியுமா, எரியாதா?

இப்போது நம் பதிவுகளைப் பூட்டச் சொல்கிறார்கள் அமைச்சர்கள். "அந்தம்மா போயிட்டாங்க, இனிமே அந்தப் பக்கத்துலேர்ந்து யார் அனுப்பப் போறா?" என்று கேட்கிறார்கள். இன்று நிலையத்தின் இயக்குநர் நான், முடிவு என் கையில்.

தோழர்களே, நேற்றும் அந்தப் பக்கத்திலிருந்து பதிவுகள் வந்தன! முகவரியில் குன்வோர் பெயர். வெனியமினை அழைத்தேன். "இனிமே என் பேருக்கு அனுப்பலாமே?"

"அவங்க பேர்லயே இருக்கட்டுமே" என்றார்.

நான் பூட்டமாட்டேன். நம் பதிவுகள் எல்லோருக்கும் போகும். தவறினால் அதன் கீழே என் பெயர் இருக்கும். வருகிறவை குன்வோர் பெயருக்கே வரும். வயிறு எரிகிறது, தோழர்களே! ஆனாலும் அந்தப் பெயரை நான் மாற்றப் போவதில்லை.