ஒண்ணேகாலுக்கு மணியடிக்கும்

காப்பி வேண்டாம் அம்மணி. வேண்டாம்னா வேண்டாம். நீ குடி.

உக்காரவும் வேண்டாம். செருப்பா? போட மறந்துட்டேன்.

ஆமா, பேத்திதான். ஜீவிதா. என்ற பையன் ரத்தினவேலோட பொண்ணு. உள்ள கணக்குப் பரிச்சை எழுதறா. உன்ற பையனுக்கும் கணக்குலதான் போச்சா? சரி.

எங்க காலத்துல ஃபெயிலுன்னா ஃபெயிலு. அதோட மண்வெட்டியப் புடிக்க வேண்டியதுதான். இப்ப என்னடான்னா ஒரே வருசத்துல மூணு தடவ வெக்கறாங்க. இதென்ன பரிச்சையா, டவுன் பஸ்ஸா, ஒண்ணு போனா இன்னொண்ணு வர்றதுக்குன்னு கேட்டேன். ஏன் அப்பாரு, மொத தோசை தீஞ்சா நீங்க மாவையே கொட்டிருவீங்களான்னு கேக்கறா. வாயி. அவங்கப்பனுக்கு ஒரே சிரிப்பு. சிரிச்சா இருமல் வந்துரும். அப்பயும் சிரிச்சான்.

மக்கு இல்ல அம்மணி அவ. மார்ச்சுல அப்பன ஆஸ்பத்திரில சேத்திருந்தோம். நஞ்சன்கூட்டுல வெல்டர் வேலை. மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. இவ ராவெல்லாம் பக்கத்துல முழிச்சுட்டு, அப்படியே வந்து பரிச்சைக்கு உக்காந்தா. பேப்பர் மேலயே தூங்கிட்டா. மிஸ்ஸு பாத்து எழுப்பறதுக்குள்ள பாதி நேரம் போயிருச்சு.

அன்னிலருந்து அவனுக்கு இதே பேச்சு. என்னாலதான் புள்ளைக்குப் போச்சு, இந்தத் தடவ என்ன ஆனாலும் எழுத வெச்சிரோணும்ப்பான்னு. சரிடான்னேன். வேற என்ன சொல்றது.

இரு, போன் அடிக்குது.

ம். வாங்க. இல்ல, ஒண்ணேகாலுக்கு மேலதான். அதுக்கு முன்னால எதும் வேண்டாம்னு சொல்லு. வெய்யி.

சொந்தக்காரங்க. ராமாபுரத்துலருந்து வேன் புடிச்சு வர்றாங்க. கொள்ளேகாலம் தாண்டிட்டாங்களாம். விசேசமெல்லாம் ஒண்ணுமில்ல.

கேட்டுக்காரன் ஹத்து நிமிஷங்கறான். பத்து நிமிஷந்தான, ஓடிரும்.

இந்த இன்னொரு போனா? ஜீவிதாவோடது. காலைலயே புடுங்கிக்கிட்டேன். போன் கொண்டு போனா உள்ள விடமாட்டாங்கன்னு சொல்லி வெச்சேன். இல்ல, அதுக்கில்ல. என்ற மக மகேஸ்வரி இருக்காளே, இவளோட அத்தை, அவளுக்குப் பொறுக்காது. விடிஞ்சதும் விடியாததுமா ஸ்டேட்டஸ் போட்டுட்டா. ரத்தினவேல் போட்டோ. சுத்தி மாலை, கீழ வெளக்கு.

அட, நீ எதுக்கு அழுகறே.

மறுபடியும் ஆஸ்பத்திரில சேத்திருந்தோம், விடியக்காலைலதான் போனான். மருமக ஆஸ்பத்திரிலருந்து எனக்குத்தான் மொதல்ல சொன்னா. நான் இவளுக்கு ரெண்டு இட்லி குடுத்து, அக்கம்பக்கத்துல தெரியறதுக்குள்ள ஆட்டோல ஏத்திட்டு வந்துட்டேன். இந்நேரம் அவன வூட்டுக்குக் கொண்டாந்திருப்பாங்க. எங்க மண்டி மொஹல்லா சந்துல தப்படிக்கிறவங்க வந்து நிக்கறாங்களாம். நான் சொல்ற வரைக்கும் தப்புல கை வெக்கக் கூடாதுன்னுட்டேன்.

வர்ற வழில கேட்டா, அப்பா எதாச்சும் சொன்னாங்களான்னு. நல்லா எழுதச் சொன்னான்னேன்.

பொய்யில்ல. நேத்து சொன்னது.

மணியடிச்சிருச்சு. செத்த பக்கத்துல நில்லு அம்மணி. எனக்கு இதெல்லாம் சொல்லிப் பழக்கமில்ல.

அதா, செவப்புப் பை, அவதான். எல்லாம் எழுதிட்டாளாட்ட இருக்குது.

சிரிச்சுட்டே வர்றா.