மறுபடி கட்டின தாலி

— அவரு வர மாட்டாரு மிஸ்ஸி. மருந்து மட்டும் குடுங்க, நான் போயிடறேன்.

— நிண்டுகொண்டு கதைக்க வேண்டாம், இருங்கோ பிள்ளை. சந்திரமதி எண்டுதானே பேர்? அவரின்ர பேர் என்ன?

— வீட்டுக்காரர் பேரை நான் எப்படிச் சொல்றது? கவுன்சில்ல ரோட்டு வேலை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால குடியிருக்கோம்.

— சரி. நான் இராசேஸ்வரி. நர்ஸ் மிஸ்ஸியும் இல்லை, டொக்டரும் இல்லை. மருந்து எழுத ஏலாது. இந்த ஆஸ்பத்திரியில அல்மோனர். வாறவையின்ர கஷ்டத்தைக் கேக்கிறதுதான் என்ர வேலை.

— கேட்டுட்டு?

— முதல்ல கேப்பம்.

— கேக்காத ஆளே இல்ல லா. பூசாரி வேப்பிலையால அடிச்சாரு. மலாய்க்காரர் ஒருத்தரு தாயத்துக் கட்டினாரு. இங்கிலீஷ் டாக்டரு அவரை நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்துட்டு, ஆளு நல்லாத்தான் இருக்கான், நீதாம்மா அனுசரிச்சுப் போகணும்னாரு.

— கழுத்தில என்ன கண்டல், நீலம் பாரிச்சுக் கிடக்கு?

— குழாயடியில வழுக்கி விழுந்தேன்.

— குழாயடியில விழுந்தால் விரல் பதியாது பிள்ளை.

— அவரு வேணும்னு செய்யல மிஸ்ஸி! ஜப்பான்காரன் ரயில் பாதை போட சயாமுக்கு இழுத்துட்டுப் போனானே, அதுல போனவரு. பக்கத்துல படுத்தவங்க வாந்திபேதியில செத்துச் செத்து விழ, இவருதான் தூக்கிப் போட்டு எரிச்சிருக்காரு. சில பேருக்கு உசுரு இருந்துச்சாம். அதுக்கப்புறம் நான் தூக்கத்துல பொரண்டு படுத்தாக்கூட, பொணம் எந்திரிக்குதுன்னு கழுத்தைப் புடிச்சு அமுக்குறாரு.

— கடவுளே. பகலில?

— பகல்ல என் கையால பச்சைத்தண்ணி வாங்க மாட்டாரு. கடையிலதான் சாப்பாடு. அதுக்குக் காரணம் நான்தான்.

— நீங்கள் என்ன செய்தனீங்கள்?

— சயாம்லேருந்து தப்பி வந்த ஒருத்தரு, உன் புருசன் போயிட்டான், கண்ணால பாத்தேன்னு சொன்னாரு. எங்க மாமா இராமசாமி முன்னால நின்னு கருமாதி பண்ணாரு. பதினாறாம் நாள் தாலியை அறுத்தாங்க. அமாவாசைக்கு அமாவாசை காக்காவுக்குச் சோறு வச்சேன். ஜப்பான்காரன் போனதும் எலும்பும் தோலுமா அவரே வந்து நிக்கிறாரு.

— உங்களுக்கு எப்பிடி இருந்தது?

— கால்ல விழுந்தேன். அப்படித்தானே செய்யணும்? ஆனா செத்தவனுக்குரிய காரியம் முடிஞ்சவரை வாசல் வழியா விடக்கூடாதுன்னுட்டாங்க. பின்சந்து வழியா வரவச்சு, மொட்டை அடிச்சு, மஞ்சத்தண்ணி ஊத்தி, புதுசாப் பொறந்தவருன்னு சொல்லி, மறுபடி எனக்குத் தாலி கட்ட வச்சாங்க. இலை போட்டு உக்கார வச்சா, எனக்குப் பிண்டம் வச்ச கையாலயா நீ சோறு போடுறேன்னு எட்டி ஒதைச்சாரு. எட்டு வருசமாச்சு.

— எட்டு வருசமும் உங்கட பிழை எண்டே நினைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?

— பின்ன? உசுரோட இருக்கிறவருக்குக் கருமாதி பண்ணினவ நானு. அந்தப் பாவத்துக்கு அடி வாங்கத்தானே வேணும்? அவரைச் சரிபண்ணிட்டா எல்லாம் தீர்ந்துடும் மிஸ்ஸி. அவரு மனசுல இருக்கிற சயாமை எடுக்க ஏதாச்சும் வழி சொல்லுங்க.

— அவரைப் பற்றி இவ்வளவும் சொல்லிப்போட்டீங்கள். நீங்கள் எப்பிடி இருக்கிறீங்கள்?

— நானா?

— ஓம். நீங்கள்.

— அதை... அதை யாரும் கேட்டதில்லயே.

— நான் கேக்கிறன். இருங்கோ, கதவைச் சாத்திப்போட்டு வாறன். அழுங்கோ பிள்ளை, அவசரமில்லை.

— நெசத்தைச் சொன்னா காறித் துப்புவீங்க.

— துப்ப மாட்டன்.

— வெள்ளைச் சேலையோட இருந்தேனே, அப்ப ஜப்பான்காரன் அரிசியே கண்ணுல காட்டலை. மரவள்ளிக்கிழங்கும் தண்ணியும்தான். மூஞ்சியில முழிச்சா ஆகாதுன்னு சனங்க ஒதுங்கிப் போவாங்க. ஆனா நான் நிம்மதியாத் தூங்கினேன் மிஸ்ஸி. என் கல்யாணத்துக்கு அப்புறம் நான் நிம்மதியாத் தூங்கினது அப்பத்தான்.

— கல்யாணத்துக்கு அப்புறமோ? சயாமுக்குப் பிறகெண்டல்லோ சொன்னீங்கள்?

— சயாம் நெசம்தான். பொணம், கனவு, எல்லாம் நெசம்தான். ஆனா அங்க போறதுக்கு முந்தியும் அவரு இப்படித்தான்.