ஸ்டேஷனுக்குப் போகிற கார்

– கண்ணாடிய ஏத்துக்கா. வெயிலு மூஞ்சியிலயே அடிக்குது.

– வெயிலு முதுகுப் பக்கம் கெடக்குடா. மதுரையப் பாத்துல்ல போறோம்.

– ஏத்தேன்... கூசுது.

– நாலு மணி வெயிலு கூசுதாக்கும். இடது கண்ணுல கட்டு. அதுக்கு மேல கறுப்புக் கண்ணாடி. சாமியார் வேசம் போட்ட கொள்ளைக்காரன் மாதிரி இருக்க.

– ஒனக்குப் பொறாமை.

– ஆமா, பொறாமை. பேயாண்டி அண்ணே, ஒங்க பக்கத்துக் கண்ணாடியையும் ஏத்திவிடுங்க. எந்தம்பி அமெரிக்காத் தொரை. வெயிலு ஆகாதாம்.

– இந்தா, ஏத்தியாச்சு முத்துத்தாயி. ரயிலுக்குத்தான் நேரங் கெடக்கே, மெதுவாவே போறேன்.

– மெதுவாப் போகாதீங்கண்ணே. ரயிலு எனக்காக நிக்காது.

– மெட்ராசு போயி, பம்பாய் போயி, அங்கிட்டிருந்து ஏரோப்பிளேன்ல ஒரு பகலும் ஒரு ராத்திரியும்... ஒத்தக் கண்ணோட.

– ஆரம்பிச்சுட்டியா.

– நான் எங்கடா ஆரம்பிச்சேன்? டாக்டரம்மா சொன்னதுதான.

– போட்டி முடியட்டும்னு அவகளுக்கும் சொல்லியாச்சு, ஒனக்கும் சொல்லியாச்சு. முடிஞ்ச மறுநாளே அங்க ஆஸ்பத்திரியில படுத்து எடுத்துக்கிறேன்.

– என்னமோ பல்லு புடுங்கிக்கிற மாதிரி சொல்லுற.

– ...

– கண்ணுடா கருத்தா.

– என் கண்ணுதானக்கா.

– அம்மாகிட்ட இன்னும் பந்து பட்ட வீக்கம்னுதான் சொல்லிவச்சிருக்கேன். எடுக்கணும்னு சொன்னாகங்கிறது தெரியாது. தெரிஞ்சா ஒன்னய வாசப்படி தாண்ட விட்டிருக்காது.

– அதான் ஒனக்கு மட்டும் சொன்னேன்.

– நல்ல ஆளப் பாத்துச் சொன்ன. எனக்கு சோறு எறங்கி எம்புட்டு நாளாச்சு தெரியுமா?

– பாத்தா அப்படித் தெரியலயே.

– கொழுப்பு. அப்படி என்னடா பொல்லாத ஆட்டம் அது? ஊர்ல கேக்குறாக. கிரிக்கெட்டான்னா இல்லங்கிறேன். டென்னிசான்னா அதுவும் இல்லங்கிறேன். சுவத்துல பந்தடிக்கிறான்னு சொன்னேன், சோணையம்மா சிரிச்சுட்டா.

– ராக்கெட்பால்னு சொல்ல வேண்டியதுதான.

– சொன்னேனே. மேல போகுமே அந்த ராக்கெட்டான்னு கேட்டா... சிரிக்காதடா, கட்டு நழுவுது.

– ரைஸ்மில் சுவத்துல அடிச்சு வாட்ச்மேன்கிட்ட ஒத வாங்குனேன்ல, அதே ஆட்டந்தான். அங்க நாலு சுவரு, கூரையும் சேத்தி. கதவச் சாத்திருவாக. உள்ள ரெண்டு பேரு. பந்து எங்கிட்டிருந்து வேணாலும் வரும்.

– கேக்கும்போதே மூச்சு முட்டுது.

– எனக்கு முட்டாது.

– எங்கெங்க போயி ஆடின? டாக்டரம்மா கேட்டாக. எனக்குச் சொல்லத் தெரியல.

– டெக்சாசுல ஆரம்பிச்சேன். படிக்கப்போன எடத்துல ஹாஸ்டலுக்குக் கீழயே கோர்ட்டு இருந்துச்சு. அப்புறம் டென்வர். கனடாவுல டொராண்டோ, அங்க அரையிறுதி. மெக்சிகோவுல பைனல். மைக்குல கூப்பிடுறவனுக்குக் கருத்தக்கண்ணன்னு வாயில நுழையாது. கேகேம்பான். ‘கேகே, மதுரை, இண்டியா.’ மதுரைய மட்டும் சுத்தமாச் சொல்லுவான்.

– அது எப்படி?

– பக்கத்துல ஒக்கார வச்சு சொல்லிக்குடுத்தேன். ஒரு மத்தியானம் பூராம்.

– வேலையத்தவன்டா நீ.

– இப்ப கலிபோர்னியாவுல எட்டு நாட்டு ஆளுக வாராக. நான் போகலன்னா என் எடத்துல வேற ஒருத்தன் நிப்பான். அடுத்த தடவ கேகே யாருன்னு கேப்பாக.

– அவுகளுக்கு ஒங்கண்ணு விசயம் தெரியுமா?

– அடிபட்டது தெரியும். ஆறிருச்சுன்னு சொல்லிட்டேன்.

– பாத்தா தெரியாதா?

– கட்டப் பிரிச்சா கண்ணு கண்ணு மாதிரித்தான இருக்கும். எடுத்துட்டா பொந்து. பொந்தோட கோர்ட்டுக்குள்ள விடமாட்டாகக்கா.

– ஓஹோ... அதுக்குத்தானா?

– ...

– கண்ணுக்குக் கூடு மாட்டித்தான ஆடுவோம்னு சொன்ன? அப்புறம் எப்படிப் பட்டுச்சு?

– கூட்டுல கண்ணாடி கெடையாது. வெறும் சட்டம். நடுவுல சந்து.

– கண்ணாடி இல்லாத கண்ணாடியா? என்னத்துக்கு அது?

– கண்ணாடி இருந்தா வேர்வையில புகைமூட்டமாயிரும். பந்து தெரியாது. அதான் பாதிப்பேரு சட்டம் மட்டும் மாட்டுறோம். சந்தவிட பந்து பெருசு, உள்ள வராதுன்னு ஒரு நெனப்பு.

– வந்துருச்சு.

– ரப்பர்ப் பந்துக்கா. சந்துல நசுங்கி உள்ள வந்துச்சு. சட்டமும் ஒடஞ்சு குத்தி... விடு.

– சொல்லு.

– பின்னால நிக்கிறவன் அடிக்கும்போது திரும்பிப் பாக்கக்கூடாது. மொத நாளே சொல்லிக்குடுக்கிறது. நான் பாத்தேன்.

– ஏன் பாத்த?

– தெரியல. அம்புட்டு வருசமா பாத்ததில்ல.

– ...

– அந்த ஊரு டாக்டரு எடுக்கணும்னான். இங்க வேற மாதிரி சொல்லுவாகன்னு ஓடியாந்தேன். இவுகளும் அதையே சொல்றாக.

– அடிபட்ட கண்ணு உள்ள கெடந்தா நல்ல கண்ணையும் கெடுத்துரும்னாகள்ல?

– எல்லாருக்குமா? ஆயிரத்துல ஒருத்தனுக்கு.

– அந்த ஒருத்தனுக்கும் ஒரு அக்கா இருப்பாள்ல.

– ...

– நல்ல கண்ணு கூசுனா, செவந்தா, மங்குனா, அன்னைக்கே ஓடியாரணும்னாக. ஒரு நாளு தள்ளிப்போட்டாலும் தன் கையில இல்லன்னாக.

– நானும் பக்கத்துலதான இருந்தேன்.

– இப்ப ஏறுனதும் என்ன சொன்ன? கூசுதுன்னேல்ல?

– வெயிலச் சொன்னேன்.

– கழட்டு அந்தக் கண்ணாடிய. நான் பாக்குறேன்.

– கைய எடுக்கா.

– ஒரு தடவ காட்டுடா.

– கைய எடுன்னு சொன்னேன்.

– ...சரி. கத்தாத.

– கத்தல.

– அம்மா மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கி வச்சுட்டு வந்துச்சு. தெரியும்ல?

– வெள்ளித் தகட்டுல கண்ணு செஞ்சு உண்டியல்ல போடுவாகளே, அதான?

– அதான். ரெண்டு கண்ணு.

– நோவு ஒண்ணுலதான. எதுக்கு ரெண்டு?

– சோடியாத்தான் விப்பானாம். ஒண்ணு தரமாட்டேன்ட்டான்.

– ...

– என்னடா?

– ரெண்டு வச்சிருக்க வேணாம்.

– சாமிக்கு வச்சதப் போயி ஏன் இப்படிச் சொல்லுற?

– ஒண்ணுமில்ல. விடு.

– ...இந்தா, ரோட்டோரம் ஒச்சாயி அத்தை நிக்குது பாரு. ஒன்னயத்தான் பாக்குது. கையக் காட்டு.

– எங்க... ஆமா. போயிட்டு வாரேன் அத்தை!

– ...

– அத்தை கொஞ்சம் எளைச்சுப்போச்சுல்ல?

– என்ன தாயி, ஒச்சாயியா? அது காலையிலயே பரவைச் சந்தைக்குல்ல...

– பேயாண்டி அண்ணே, நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

– என்னக்கா சொல்றாரு அண்ணன்?

– ஒண்ணுமில்ல. ஆமா, அத்தை எளைச்சுத்தான் போச்சு.

– ஏன் கொரலு ஒரு மாதிரி இருக்கு?

– தூசி.

– கண்ணாடி ஏத்திருக்கே.

– ...

– மணி என்ன?

– கையில கடியாரம் கட்டியிருக்கேல்ல.

– நின்னுபோச்சு.

– ஓடுதுடா. எனக்கு முள்ளு தெரியுது.

– அது... அமெரிக்கா மணி. மாத்தல.

– சரி. இங்க நாலரை.

– வெரசாப் போகச் சொல்லு.

– அண்ணே, நான் சொன்ன வழியிலயே போயிருங்க.

– சரி முத்துத்தாயி.

– எந்த வழி?

– ஸ்டேஷன் பக்கம் ரோட்டத் தோண்டிப்போட்டிருக்கான். சுத்தித்தான் போகணும்.

– ரயிலு போயிரும்.

– போகாது.

– போயிருச்சுன்னா?

– போகாதுன்னு சொல்றேன்ல.

– ...

– கருத்தா.

– ம்.

– பயமா இருக்காடா?

– கோர்ட்டுக்குள்ள பயப்பட நேரம் கெடையாது.

– கோர்ட்ட விடு. இங்க. இந்தக் காருக்குள்ள.

– ...

– சொல்லேன்.

– நீ ஏன் இன்னைக்கு இப்படித் தொணதொணன்னு கேக்குற?

– வேற யாரு கேப்பா ஒன்னய?

– ...கண்ண எடுத்துட்டா அப்புறம் நான் யாருக்கா? அங்கயாவது கேகேன்னு ஒருத்தன் இருக்கான். தோத்தாலும் கைதட்டுறான். இங்க அந்த ஆட்டத்தோட பேரே ஒருத்தருக்கும் தெரியாது. நாகமலையில ஒக்காந்து என்னத்தச் செய்ய? பொட்டக்கண்ணன்னு பேரு வாங்கவா?

– அப்படிச் சொல்றவன் பல்ல ஒடைப்பேன்.

– எம்புட்டுப் பல்ல ஒடைப்ப?

– எம்புட்டு இருக்கோ அம்புட்டையும்.

– ஒன்னால முடியும்.

– முடியும். ஒத்தக் கண்ணு இருந்தா ஒத்தக் கண்ணோட கூட்டிட்டுத் திரிவேன். எனக்கு வெக்கமில்ல.

– ஒத்தக் கண்ணு இருந்தா...

– என்னடா?

– ஒண்ணுமில்லக்கா.

– ...

– ஏன் என் கைய இந்த இறுக்கு இறுக்குற? வலிக்குது.

– நீதான்டா என் கையப் புடிச்சிருக்க.

– ...

– புடிச்சுக்க. விடாத.

– ...

– ...

– வண்டி நின்னுருச்சு.

– ஆமா.

– வந்துட்டமா?

– வந்துட்டோம்.

– பொட்டிய எறக்கச் சொல்லு. போர்ட்டர் யாரையும் காணோமே.

– கருத்தா...

– எந்தப் பிளாட்பாரம்னு கேளு. நேரமாகுது.

– கருத்தா, இது ஸ்டேஷன் இல்ல. கண்ணாஸ்பத்திரி. காலையில நீ தட்டுக்கு வெளிய தரையில சோத்தத் தேடித் தடவுனதப் பாத்தேன்டா. போஸ்டாபீசுக்குப் போயி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஒடனே கூட்டியாங்க, இன்னும் ஊசி மருந்து இருக்கு, முடிஞ்ச மட்டும் பாப்போம்னாக. வாசல்லயே நிக்கிறாக. ஒன்னய ஏமாத்தித்தான் கூட்டியாந்தேன். வையி, அடிக்கணும்னா அடி. எறங்க மட்டும் செய்யிடா, சாமி.

– நீ ஏமாத்தலக்கா. ஆத்துப் பாலத்துல ஏறுனப்பவே சத்தத்துல தெரிஞ்சிருச்சு, ஸ்டேஷனுக்குப் போக ஆத்தத் தாண்ட வேண்டியதில்லன்னு. திருப்பச் சொன்னா நீ திருப்பிருவியோன்னு பயந்துதான் வாயத் தொறக்காம வந்தேன்... கதவு எந்தப் பக்கம் இருக்கு?