கம்பியைப் பிடிக்காம நிக்கணும்

— தள்ளுங்க.

— தள்ளிட்டேனே.

— எப்ப?

— இப்பதான். தோள்ல கை வெச்சேன் பார்த்தியா, அதுதான்.

— அது தள்ளறதா? சட்டையில தூசி தட்டற மாதிரி இருந்துது. நாளைக்குப் பாண்டியில மாஸ்டர் தள்ளுவாரு பாருங்க, நான் ஒரு அடி நகர்ந்தாலும் ஃபெயிலு. நல்லாத் தள்ளுங்க.

— பொண்டாட்டியை மொட்டை மாடியில வெச்சுத் தள்ளினான் பெரியநாயகம்னு விழுப்புரம் முழுக்கப் பேசும்.

— பேசட்டும். பத்தொம்பது வருஷமா "உள்ள போ, உள்ள போ"ன்னு பஸ்ல ஊரையே தள்ளின கண்டக்டருக்கு, என்னைத் தள்ள மட்டும் கை கூசுதாக்கும். ம்...

— இந்தா!

— ...பார்த்தீங்களா? நகரலை.

— அட... என்னாடி ஜெசிந்தா, நெல்லு மூட்டையாட்டம் நிக்கிற!

— மூட்டைன்னதை அப்புறம் பேசிக்கறேன். இப்ப உங்க முறை. நில்லுங்க.

— டெஸ்ட்டு உனக்கா, எனக்கா?

— எனக்குத்தான். ரெண்டு வாரமா தெனம் இதையே கேக்கறீங்க. இது ஜோடிப் பயிற்சி. மாத்தி மாத்தி நிக்கணும்னு ரூல் இருக்குது.

— நீ பி.டி. டீச்சரு. ஸ்கூல்ல விசில் ஊதி புள்ளைங்களை வெயில்ல நிக்க வெக்கறதோட விட்டுடக் கூடாதா? சீனாக்காரன் ஆட்டத்தை மல்லாட்டை காயற மாடியில கொண்ணாந்து...

— ஆட்டமில்லை, தாய்ச்சி. மல்லாட்டையை மிதிக்காதீங்க, கடலை நொறுங்கிடும், இப்படி வாங்க. பாதம் ரெண்டும் தோள் அகலத்துக்கு. முட்டியை இளக்குங்க.

— இளக்கிட்டேன்.

— எங்க இளக்கினீங்க? பூட்டுப் போட்ட மாதிரி நிக்குது. லேசா மடக்குங்க... முட்டி கட்டைவிரலைத் தாண்டக் கூடாது... அவ்ளோதான். இப்ப வால் எலும்பைக் கீழ விடுங்க.

— எனக்கு ஏதுடி வாலு?

— இருக்குது, கல்யாணம் ஆன நாள்லேருந்து பார்த்துக்கினுதான் இருக்கறேன். ஸ்டூல்ல உக்காரப் போற மாதிரி கொஞ்சம் எறங்குங்க. உச்சந்தலையில கயிறு கட்டி மேலேருந்து இழுக்கற மாதிரி நெனைச்சுக்கங்க.

— தூக்குல போடறதுன்னு முடிவே பண்ணிட்டியா?

— மூச்சு வயித்துக்குப் போகணும்.

— அங்க எடம் இல்லை. மத்தியானம் தின்ன கேப்பைக் களி இருக்குது.

— நெஞ்சை நிமிர்த்தாதீங்க!

— இது என்னா அநியாயம்? "அட்டென்ஷன், நெஞ்சை நிமிர்த்து"ன்னு தெனம் கத்தறவ நீதானே?

— அதை மறக்கத்தான் எனக்கே ஆறு மாசம் ஆச்சு. நான் அட்டென்ஷன்ல நிப்பேன், மாஸ்டர் ஒத்தை விரலால தொடுவாரு, அப்படியே பின்னால போயிடுவேன். கிளாஸ் மொத்தமும் சிரிக்கும். நெஞ்சைத் தூக்கினா கனமெல்லாம் மேல ஏறிடுதுங்க. கனம் பாதத்துல இருக்கணும். ...இது என்னா, எடது தோள் இன்னைக்கும் இவ்ளோ எறங்கிக் கெடக்குது?

— பை தொங்கின தோளு.

— இடுப்பு ஏன் ஒரு பக்கமா துருத்திக்கினு நிக்குது?

— சீட்டுல சாய்ஞ்சு சாய்ஞ்சுதான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஒரு நாளைக்கு எட்டு நடை. சும்மாவே நிக்க முடியுமா? எல்லா கண்டக்டரும் இப்படித்தான்.

— சரி, தள்ளப் போறேன். ...கம்பத்தை விடுங்க.

— எந்தக் கம்பம்?

— கையில பிடிச்சிருக்கீங்களே, துணி காயப் போடற கம்பம், அதை.

— ஓ... கை தானாப் போயிடுச்சு.

— பதினஞ்சு நாளா தானாத்தான் போவுது. சாப்பிட்டு எழுந்தா செவுரு, வாசல் எறங்கினா கதவு...

— விடு.

— என்னா பெரியநாயகம் அண்ணே, அக்காகிட்ட அடி வாங்கறீங்களா?

— ஏம்மா பாஞ்சாலி, உங்க வீட்டு மாடியில உனக்கு வேற வேலையே இல்லையா?

— துணி எடுக்க வந்தேண்ணே. நீங்க ரெண்டு பேரும் தள்ளிக்கிறதைப் பார்த்ததும் அடுப்புல சோறு வெச்சதே மறந்துபோச்சு. எங்க வீட்டுக்காரரையும் இட்டுக்கினு வரட்டா அக்கா? நானும் தள்ளணும்.

— நாளைக்கு எனக்குப் பரீட்சை பாஞ்சாலி. அதுக்குப் பழகறோம்.

— அண்ணனுக்குக் காலு சரியாயிடுச்சா? பஸ்ல விழுந்தாரே...

— எல்லாம் சரியாயிடுச்சு. அது டிரைவர் தாண்டவராயன் போட்ட பிரேக்கு. விக்கிரவாண்டியில திடீர்னு ஒரே அழுத்து. எவனா இருந்தாலும் விழுவான்.

— கருவாட்டுக் கூடையிலயாமே!

— கூடைக்காரம்மா லூர்துமேரி இப்பவும் என்னைக் கண்டா கூடையை நகர்த்தி வெச்சுக்குது. போம்மா, சோறு தீயற வாசனை வருது.

— ஐயையோ!

— போயிட்டா. நல்ல பேஜாருடி இவளோட.

— அவ கெடக்கறா. நாளான்னைக்குத் திங்கக்கெழமைங்க.

— தெரியும்.

— கம்பியைப் பிடிக்காம ஒரு நடை நின்னு காட்டுன்னு ஓனரு சொல்லியிருக்காரு. இல்லன்னா புக்கிங் ஆபீஸ் நாற்காலிதான்.

— தெரியும்டி. ஒரு கையில கம்பி, ஒரு கையில டிக்கெட்டுன்னா எவன் வேலை குடுப்பான்? பாக்கறவன் சிரிப்பான்.

— எலும்பெல்லாம் நல்லாருக்குது, காலுதான் அசந்துபோச்சு, பயிற்சி பண்ணுன்னு டாக்டர் சொன்னாரு. ஒரு நாளாவது பண்ணீங்களா?

— செவுத்தைப் பிடிச்சுக்கினு ஒத்தைக் கால்ல நிக்கறதா? என்னைப் பார்த்தா கொக்கு மாதிரியா இருக்குது? விடு, உன் டெஸ்ட்டைப் பாரு.

— சரி, அப்ப இப்படிப் பண்ணுங்க. தோள்ல பை இருக்குது. பஸ்ஸு ரொம்பி வழியுது. டிக்கெட் குடுங்க.

— யாருக்கு?

— அந்தத் தக்காளிச் செடிக்கு.

— எங்கம்மா எறங்கணும், தக்காளி?

— கையை மட்டும் நீட்டாதீங்க. இடுப்பைத் திருப்புங்க, கை தானா வரும். கனம் வலது கால்ல... இப்ப எடது கால்ல... படக்குன்னு மாத்தாதீங்க, சொம்புலேருந்து சொம்புக்குத் தண்ணி ஊத்தற மாதிரி மெதுவா.

— விக்கிரவாண்டி ஒண்ணு... பின்னால யாரு, கூட்டேரிப்பட்டா? ரெண்டா?... படியில நிக்காத தம்பி, மேல ஏறு... ஜல்தி ஜல்தி, அந்தப் பெரியம்மாவுக்கு எடம் விடு... ஏய், யாருடி இடிக்கறது? டிக்கெட் குடுத்துக்கினு இருக்கறேன் இல்ல?

— நான்தான். மூணு வாட்டி தள்ளிட்டேன்.

— எப்ப?

— விக்கிரவாண்டியில ஒண்ணு, கூட்டேரிப்பட்டுல ரெண்டு. நீங்க நகரவேயில்லை. கம்பத்தையும் பிடிக்கலை.

— நெசமாவா?

— என் மணிக்கட்டுதான் வலிக்குது.

— இன்னொரு வாட்டி தள்ளு. ...ஆங்! இன்னும் வேகமா! ...அடியே, குதிகால்ல எறங்குதுடி! நீ தள்ளறது முதுகு வழியா எறங்கி நேரா குதிகாலுக்குப் போவுது!

— அதைத்தாங்க மாஸ்டர் ஆறு மாசமா தொண்டை கிழியச் சொல்றாரு. உங்களுக்கு ரெண்டு வாரத்துல வந்துட்டுது.

— பத்தொம்பது வருஷ சர்வீஸுடி! சீனாக்காரனை நம்ம பஸ்ல ஏத்தி நிக்க வெச்சுப் பாரு!

— பின்ன என்னா? திங்கக்கெழமை ராஜா மாதிரி போங்க.

— ஜெசி... நான் புக்கிங்லயே உக்காந்துடட்டுமா?

— ஏன்? இப்பதானே குதிச்சீங்க?

— இது மாடி. இங்க யாரு என்னைப் பாக்கறா?

— ஓடற பஸ்ல நின்னவருக்கு...

— நான் ஓடற பஸ்ல விழலை. டிரைவரு பிரேக்கே போடலை ஜெசி. விக்கிரவாண்டியில ஆளு ஏறிக்கினு இருந்துது. பஸ்ஸு நின்னுக்கினு இருந்துது. சும்மா நின்ன எடத்துல எடது முட்டி மடங்கிடுச்சு. ஸ்கூல் புள்ளைங்க எல்லாம் கொல்லுன்னு சிரிச்சுதுங்க. எழுந்ததும் எனக்கு வாயில என்னா வந்துதோ, "என்னாய்யா இப்படி பிரேக் போடற"ன்னு கத்திட்டேன். தாண்டவராயன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாரு. ஒண்ணும் சொல்லலை. ஓனருகிட்ட திட்டு வாங்கினதும் அவருதான். அப்பவும் வாயைத் தொறக்கலை. அந்த மனுஷன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது? நின்ன பஸ்லயே விழுந்தவன் ஓடற பஸ்ல எப்படி நிக்கறது? பயமா இருக்குதுடி எனக்கு.

— எனக்குத் தெரியும்ங்க. அன்னைக்கு சாயங்காலமே அவரு சம்சாரம் அம்சா வந்து சொல்லிட்டா. "கண்டக்டரு வெக்கப்படுவாரு, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க"ன்னு அவருதான் சொல்லியனுப்பினாராம். அவருக்கு உங்க மேல கோவமே இல்லை, எப்ப வருவாருன்னுதான் கேட்டுக்கினு இருக்காரு. அப்புறம்... நாளைக்கு டெஸ்ட்டு கிஸ்ட்டு ஒண்ணும் கிடையாது. அது போன மாசமே முடிஞ்சு நான் பாஸாயிட்டேன். டாக்டர் சொன்னா கேக்க மாட்டீங்க, எனக்காகன்னா நிப்பீங்கன்னு சொன்ன பொய்யி. நாளைக்கு எங்க போறதுன்னு தெரியாம, பாண்டி பீச்சுல உக்காந்துட்டு வரலாம்னு இருந்தேன். கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்றப்ப ஃபாதர்கிட்ட இந்தப் பொய்யைச் சொன்னேன், "சரிம்மா, இனிமே பொய் சொல்லாதே"ன்னாரு. "இல்லை ஃபாதர், இன்னும் ரெண்டு வாரம் சொல்ல வேண்டியிருக்குது"ன்னேன். "அப்ப சொல்லி முடிச்சுட்டு வா, மன்னிப்பு தர்றேன்"னுட்டாரு. ரெண்டு ஞாயிறா பூசையில எல்லாரும் நன்மை அப்பம் வாங்க எழுந்து போறப்ப, மன்னிப்பு வாங்காத நான் மட்டும் பெஞ்சுல உக்காந்துக்கினு இருக்கறேன். திங்கக்கெழமை நீங்க பஸ் ஏறுங்க, நான் ஃபாதர்கிட்ட போய் மன்னிப்பு வாங்கிக்கறேன்.